பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு: துன்பத்தின் நடுவில் மனந்திரும்பும் முறை, படிப்படியாக

தவக்காலம் தொடங்கினால் எங்கள் பங்கில் எனக்கு ஒரு வேலை உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வந்து கனகாலமானவர்களோடு இருந்து, அவர்கள் குருவானவரிடம் போவதற்கு முன் ஆயத்தம் செய்ய உதவுவது. யாழ்ப்பாணத்தின் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். கடற்தொழில் செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் சீவிக்கும் பெற்றோர். சிலர் பத்து வருடம் கழித்து வருவார்கள், சிலர் இருபது. ஒருவர் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு முதல் தடவையாக வந்தார்.

பழைய ஞானோபதேசத்தில் ஐந்து காரியங்கள் படித்திருப்பீர்கள்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), பாவசங்கீர்த்தனம், அபராதம் (குருவானவர் தரும் பரிகாரம்). அந்த ஐந்தும் அப்படியே சரி. ஆனால் நெடுங்காலம் அடிபட்டு வந்த ஒருவர் நேரே ஆத்தும சோதனையில் இறங்கினால் குழம்பிப் போகிறார். தனக்கு நடந்ததும் தான் செய்ததும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால் அந்த ஐந்துக்கும் முன்னால் இரண்டு படிகளைச் சேர்த்துச் சொல்கிறேன். கீழே வரும் ஆட்களின் கதைகள் அவர்கள் என்னிடம் வெளியே சொன்னவை. சொல்லலாம் என்று விட்டவற்றை மட்டும் எழுதியிருக்கிறேன்.

1. போவதற்கு முன் வேண்டியவை

முதலாவது நேரம். உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய பெரிய வாரத்தில் போகாதீர்கள். அந்த நாட்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை வாசல் வரை நிற்கும். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். இருபது வருடக் கணக்கை அதற்குள் சொல்ல முடியாது. பின்னால் நிற்பவரின் இருமல் கேட்டாலே வாய் கட்டிவிடும். தவக்காலத்தின் முதல் இரண்டு மூன்று கிழமைக்குள், பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய், "பாதர், கன வருசமாச்சு, ஆறுதலா ஒருநாள் வரவேணும்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அவரே நாள் தருவார். தவக்காலம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, எந்த மாதமும் நல்ல மாதம்தான்.

சொந்தப் பங்குக் குருவானவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் வேறு பங்குக்குப் போங்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போனால் இன்னொரு கோவில் வரும். குருவானவர் கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டாரா என்று பலர் கேட்கிறார்கள். சொல்ல முடியாது. உயிர் போகிற நிலையிலும் பாவசங்கீர்த்தன இரகசியத்தின் முத்திரையை உடைக்க அவருக்கு உரிமை இல்லை, வேண்டுமென்று உடைக்கிற குருவானவர் திருச்சபையின் உறவிலிருந்தே விலக்கப்படுகிறார்.

இரண்டாவது, ஒரு கொப்பி ஒற்றையும் ஒரு பேனையும். போனில் எழுத வேண்டாம். பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், அந்தப் பயத்தில் நீங்களும் பாதியைத்தான் எழுதுவீர்கள். தாள் என்றால் பிறகு அடுப்பில் போட்டுவிடலாம்.

மூன்றாவது, இரண்டு மாலை நேரம், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இரண்டையும் ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் எழுதியதை ஒருநாள் ஆறவிட்டுப் பார்த்தால் சில வரிகள் பொய் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று: கோவிலில் மெய்விவாகம் (திருமண அருட்சாதனம்) நடக்காமல் குடும்பமாக வாழ்பவர்கள், பிரிந்து மறுமணம் செய்தவர்கள், இதை நாள் கேட்கும்போதே குருவானவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனியாகப் பேச வேண்டிய காரியங்கள் உண்டு. தொட்டியில் முழங்காலில் நிற்கும்போது முதல் தடவையாக அதைச் சொல்லி, பாவமன்னிப்புக் கிடைக்காமல் மனம் உடைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது பெரிய பாடு.

2. துன்பம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்

ஒற்றையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கத்தில் உங்களுக்கு நடந்தவை. வலது பக்கத்தில் நீங்கள் செய்தவை, செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விட்டவை. இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு அம்மா வந்தார். மகன் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் காணாமல் போனவன். அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் வலது பக்கத்தில் முதல் வரியாக மகனின் பெயர் இருந்தது. ஏன் இந்தப் பக்கம் எழுதினீர்கள் அம்மா என்று கேட்டேன். கலியாணத்துக்கு முதல் தான் செய்த ஒரு பிழைக்காகத்தான் கடவுள் பிள்ளையை எடுத்தவர் என்றார். அவ்வளவு வருடமும் அவர் அதை நம்பிக்கொண்டு கோவிலின் கடைசி வாங்கில் இருந்திருக்கிறார்.

பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் காட்டி, யார் செய்த பாவம், இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்ட இடத்தை யோவான் 9ஆம் அதிகாரத்தில் எடுத்து வாசிக்கக் கொடுத்தேன். இருவரும் அல்ல என்று இயேசு சொல்கிறார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அதே பேச்சு: அவர்கள் மற்றவர்களை விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல. அம்மா இரண்டு தடவை வாசித்தார். பிறகு பேனையை எடுத்து மகனின் பெயரை வெட்டினார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. கிழிசலுக்கு இந்தப் பக்கம், கோட்டுக்கு இடதுபுறத்தில், அந்தப் பெயரை மறுபடி மெதுவாக எழுதினார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய வலது பக்கம் உண்மையாக நிரம்பத் தொடங்கியது. மகனைத் தேடிய வருடங்களில் வீட்டில் இருந்த மகளோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை என்று எழுதினார். செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு இருப்பவருக்குச் செய்த குற்றம் கண்ணில் படாது. இந்தப் படி முதலில் வருவதற்கு அதுதான் காரணம்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. எல்லாவற்றையும் இடது பக்கத்துக்குத் தள்ளிவிடுவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தும் எண்ணெய் கிடைக்கவில்லை, வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நேரம் கான்களில் பதுக்கி வைத்துப் பக்கத்து வாடிக்காரருக்கே பல மடங்கு விலைக்கு விற்ற ஒருவர், "அந்த நேரம் எல்லாரும் செய்ததுதானே, எங்களுக்கும் சாப்பாடு இல்லை" என்று இடது பக்கத்தில் எழுதியிருந்தார். சாப்பாடு இல்லாதது உண்மை, அது இடது பக்கம். விற்றது வலது பக்கம். இரண்டு வரிகளாக எழுதுங்கள் என்று சொன்னேன். வறுமையும் பயமும் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கும் என்று திருச்சபையே போதிக்கிறது. எவ்வளவு குறைக்கும் என்று நிறுப்பதைக் குருவானவரிடம் விடுங்கள். உங்கள் வேலை இரண்டையும் ஒளிக்காமல் எழுதுவது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறதை வலது பக்கத்தில், "பொறுமை இல்லாமல் இருந்தேன்" என்று எழுதிக்கொண்டு வருகிறீர்கள். அடி விழுவது இடது பக்கம். கிறிஸ்தவப் பொறுமை என்றால் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அது தவறு. பாவசங்கீர்த்தனத்துக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் பாதுகாப்பான ஒரு வீட்டைப் பாருங்கள். அருட்சகோதரிகளிடமோ, கிராம அலுவலரிடமோ, பொலிஸிலோ சொல்லுங்கள்.

3. இடது பக்கத்தைக் கடவுளிடம் வாசித்துக் காட்டுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். கடவுளோடு கோபிக்கலாமா என்று பயம். திருப்பாடல் 13ஐ எடுத்துப் பாருங்கள், எவ்வளவு காலத்துக்கு என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூட இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. யோபு முறையிட்டதற்காகக் கடவுள் அவரைத் தள்ளிவிடவில்லை, கடைசியில் அவருக்கு உபதேசம் செய்த நண்பர்கள்மேல்தான் கோபம் கொண்டார்.

ஆகவே முதல் நாள் மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, இடது பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். இடையிடையே திருப்பாடல் 13ஐச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே கோபத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு தொட்டிக்குப் போகிறவர் பாவங்களைக் கடைச் சிட்டை போல ஒப்புவித்துவிட்டு வருகிறார். முறையிட்டு முடித்தவருக்குத்தான் மன்னிப்புக் கேட்கக் குரல் வருகிறது.

4. ஆத்தும சோதனை: வலது பக்கம்

இரண்டாம் நாள் மாலை. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொள்வது நல்ல வழிதான், ஆனால் கனகாலம் கழித்து வருபவர் நாலாம் கட்டளைக்குள் களைத்துவிடுவார். ஆட்களை வைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள், கூடப் பிறந்தவர்கள், அயலவர், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள், கடைசியாக உங்கள் உடம்பும் கடவுளும். ஒவ்வொரு முகமாக நினைத்தால் பாவம் தானாக ஞாபகம் வரும்.

எங்கள் ஊரில் வழக்கமாக விடுபட்டுப் போகிறவற்றைச் சொல்கிறேன். சீட்டுப் பிடித்துக் கட்டாமல் விட்டது. இடம்பெயர்ந்தவர்களின் வீட்டிலிருந்து எடுத்த கதவு, ஓடு, தளபாடம். தங்கச்சியின் சீதனத்துக்கென்று அண்ணன் அனுப்பிய காசில் கை வைத்தது. மற்றவனின் வலையில் இருந்த மீன். மீற்றர் வட்டி, அதாவது மீற்றர் ஓடுவதுபோல ஏறும் கொள்ளை வட்டி. ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு தமையன் தம்பி பதினைந்து வருடம் பேசாமல் இருப்பது. இந்தக் கடைசியை எவரும் பாவம் என்றே எழுதுவதில்லை. "அது பாவமில்லை, பிரச்சினை" என்கிறார்கள்.

பாரதூரமான பாவங்களுக்கு இன்ன பாவம், ஏறக்குறைய எத்தனை தரம் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால், "கிழமைக்கு ஒருக்கால், மூன்று வருடம்" என்று சொன்னால் போதும். ஏன் எண்ணிக்கை என்றால், ஒருநாள் தவறி விழுந்ததற்கும் பழக்கமாகிப் போனதற்கும் மருந்து வேறு.

இங்கே இரண்டு பிழைகள். ஒன்று, "எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன் பாதர்" என்ற ஒரே வரி. அது பணிவாகத் தெரியும், ஆனால் எதையும் சொல்லாமல் தப்புகிற வழி. மற்றது, மற்றவர்களின் பாவத்தைச் சொல்வது. மருமகளின் வாய், மச்சானின் குடி. வலது பக்கத்தில் "நான்" என்று தொடங்காத வரி இருந்தால் வெட்டிவிடுங்கள்.

5. மனஸ்தாபம்

கண்ணீர் அளவுகோல் அல்ல. கடவுளை நேசிப்பதனால் வரும் வருத்தம் உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்தோ, பாவத்தின் அருவருப்பினாலோ வருவது அதற்குக் குறைந்தது. ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவருக்கு அந்தக் குறைந்ததும் போதும். உத்தமமானது வரும்வரை காத்திருந்து இன்னும் பத்து வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

வெட்கத்தையும் மனஸ்தாபத்தையும் மட்டும் பிரித்துப் பாருங்கள். அகப்பட்டுவிட்டேனே என்பது வெட்கம். அவனுக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்பது மனஸ்தாபம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அவரைத் தெரியாது என்ற பேதுருவும் ஒரே இரவில்தான் விழுந்தார்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாசு வருத்தத்தோடு தனியே போனான். பேதுரு அழுதுவிட்டு மற்றச் சீடர்களிடம் திரும்பி வந்தார். உங்கள் வருத்தம் உங்களைக் கோவில் பக்கம் நடக்க வைக்கிறதா, வீட்டுக்குள் பூட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒன்றும் தோன்றாவிட்டால் 51ஆம் திருப்பாடலைச் சொல்லி, வருத்தத்தைத் தாரும் என்று கேளுங்கள். கேட்பதே தொடக்கம்.

6. பிரதிக்கினை

"இனிப் பாவமே செய்யமாட்டேன்" என்பது நிற்காது. "சம்பளம் எடுக்கிற நாளில் அந்தச் சந்தியால் வரமாட்டேன், மனிசி வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்" என்பது நிற்கும். வலது பக்கத்தின் பெரிய வரிகள் மூன்றுக்கு மட்டும், இடம், நேரம், ஆள் குறித்து எழுதுங்கள். எல்லா வரிக்கும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

7. திருப்பிக் கொடுப்பதை முன்னமே தொடங்குங்கள்

எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகுதான் பாவமன்னிப்பு என்று சட்டமில்லை. கொடுப்பேன் என்ற உறுதி வேண்டும். ஆனாலும் போவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன். மன்னிப்புக் கிடைத்த ஆறுதலில் அந்தக் காரியம் அப்படியே தள்ளிப்போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வரி தண்டிய சக்கேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோதே எழுந்து நின்று, பாதியை ஏழைகளுக்கு, ஏமாற்றியதை நாலு மடங்காக என்று கணக்குச் சொன்னான்.

ஒரு ஐயா. பக்கத்து வளவுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போன பிறகு, வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியாலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்டிருக்கிறார். மொத்தம் ஒன்றரை முழம். தாளில் எழுதியதை அவரே நம்பாமல் மண்வெட்டியால் கிளறிப் பார்த்தார், பழைய எல்லைக்கல் கறையான் மண்ணுக்குள் இருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு நாளைக்கு முன் கிளுவைக் கதியால்களைப் பிடுங்கிக் கல்லின் நேருக்கு நட்டார். இடையில் அவர் மனைவி வைத்த முருங்கை நின்றது, காய்க்கிற மரம். மனைவி அதை மட்டும் சுற்றி வேலியை வளைக்கச் சொன்னார். ஐயா வளைக்கவில்லை. மரம் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறது, காயை அங்கிருப்பவர்கள்தான் பிடுங்குகிறார்கள்.

கொடுக்க வேண்டியவர் செத்துப்போனால் அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். எவரும் இல்லையென்றால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாதென்றால் மாதாமாதம். வெளியில் தெரிந்தால் குடும்பம் குலையும் என்றால் குருவானவரைக் கேட்டு வேறு வழியால் சேர்ப்பியுங்கள். காணி உறுதி, வழக்கு என்று வரும் காரியத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல் முதலில் ஒரு நொத்தாரிசைப் பாருங்கள்.

பேசாமல் இருக்கும் தமையனிடம் போவது இதைவிடக் கடினம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னது உங்களுக்குத் தெரியும். போய், பழைய கதையை எடுக்காமல், "நான் உன்னோடு பேசாமல் இருந்தது பிழை" என்ற ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் கதவைச் சாத்தினாலும் உங்கள் பங்கு முடிந்தது. ஆனால் நீங்கள் உடம்பாலோ மனதாலோ கடுமையாகக் காயப்படுத்திய ஒருவரிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், மன்னிப்புக் கேட்கிறேன் என்று திடீரெனப் போய் நிற்காதீர்கள். உங்கள் ஆறுதலுக்காக அவரை மறுபடி நடுங்க வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. குருவானவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

8. தொட்டியில்

முழங்காலில் நின்று சிலுவை அடையாளம் போடுங்கள். ஆசீர்வாதம் கேளுங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் என்று முதலிலேயே சொல்லுங்கள், கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அடுத்தது, நீங்கள் யார் என்று ஒரு வரி: கலியாணம் செய்தவர், தனியாள், இன்ன தொழில். பெயர் வேண்டாம்.

பிறகு மிகவும் வெட்கமான பாவத்தை முதலாவதாகச் சொல்லுங்கள். சின்னச் சின்னதாகத் தொடங்கிப் பெரியதைக் கடைசிக்கு வைப்பவர்கள் பாதியில் அதை விழுங்கிவிட்டு எழும்புகிறார்கள். வேண்டுமென்று ஒரு பாரதூரமான பாவத்தை ஒளித்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது, திரும்பவும் எல்லாம் சொல்ல வேண்டிவரும். உண்மையாக மறந்துபோனது வேறு. அதுவும் மன்னிக்கப்படும், அடுத்த முறை ஞாபகம் வந்தால் சொல்லுங்கள்.

தாளைப் பார்த்து வாசிக்கலாம். மந்திரம் மறந்துவிட்டது என்றால் "மறந்துபோனேன் பாதர்" என்று சொல்லுங்கள், அவர் சொல்லித் தருவார். மற்றவர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம், அவரும் கேட்கமாட்டார். மனஸ்தாப மந்திரம் சொல்லி, பாவமன்னிப்பு ஆசீர்வாதத்துக்கு "ஆமென்" சொல்லுங்கள்.

9. அபராதமும் அதற்குப் பிந்திய கிழமைகளும்

தந்த அபராதத்தைக் கோவிலை விட்டுப் போவதற்கு முன்பே செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்வோம் என்றால் மறக்கும். வலது பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள். இடது பக்கத்தை எரிக்க வேண்டாம், அதற்கு இன்னும் செபம் வேண்டும்.

இரண்டு மூன்று கிழமையில் பலர் திரும்பி வந்து சொல்வது: "பாவசங்கீர்த்தனமும் செய்தன், கஷ்டம் போகேல்லை." கடன் அப்படியே இருக்கும், நோய் அப்படியே இருக்கும், காணாமல் போனவர் வரமாட்டார். பாவசங்கீர்த்தனத்தைக் கொடுத்துச் சுகத்தை வாங்குகிற வியாபாரம் அங்கே நடக்கவில்லை. நேர்த்தி வைப்பதுபோல இதை நினைத்தவர்கள்தான் இங்கே விழுகிறார்கள். துன்பம் மன உறுதியைத் தரும், மன உறுதி தகைமையையும், தகைமை எதிர்நோக்கையும் தரும் என்று உரோமையர் 5இல் பவுல் எழுதுகிறார். அந்த வரிசை ஒரு இரவில் நடப்பதல்ல. அதுவரை நாளுக்கு ஒரு சின்ன ஒழுங்கை வையுங்கள்: காலையில் இடது பக்கத்தின் ஒரு வரியை மட்டும் எடுத்துச் செபம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, கிழமைக்கு ஒருமுறை உங்களை விடக் கஷ்டத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய்வருவது.

மறுபடி அதே பாவத்தில் விழுந்தால் உடனே போங்கள். அடுத்த தவக்காலம் வரை வைத்திருந்தால் இருபது வருடம் எப்படிச் சேர்ந்தது என்பது தெரியும்தானே.

10. நடக்க முடியாதவர்களுக்கு

வீட்டில் படுக்கையாக இருக்கும் அப்பு, அம்மம்மாவுக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுவரும்போதே சொல்லிவைத்தால் குருவானவர் நேரம் ஒதுக்கி வருவார். எழுத முடியாதவர் என்றால் முதல் நாள் நீங்கள் கூட இருந்து இடது பக்கத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள். வலது பக்கத்தைக் கேட்க வேண்டாம். பாதர் வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை, காது கேட்கிற பக்கமாகப் போடுங்கள். ரீவியை நிற்பாட்டுங்கள். கதவை முழுதாகச் சாத்திவிட்டு, தேத்தண்ணி போடுகிற சாட்டில்கூட எவரும் உள்ளே நிற்காமல், எல்லாரும் முற்றத்துக்குப் போய்விடுங்கள்.